வேன் வராத வயது

சிறப்புப் பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் தெரிந்துவைத்திருக்கும் விஷயங்களை எந்த லைசென்ஸ் தேர்விலும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது ஸ்டாப்பிங்கில் ஏறும் பையனுக்கு ஜன்னலோர சீட் கிடைக்காவிட்டால் அன்றைக்கு வண்டி நகராது. அவனுக்குப் பின்னால் உட்காரும் பெண்ணுக்கு ஹாரன் சத்தம் ஆகாது. ரயில்வே கேட்டில் பின்னால் நிற்கும் லாரிக்காரர் என்ன திட்டினாலும் இவர் ஹாரனில் கைவைக்க மாட்டார். கடைசி சீட்டில் இருப்பவருக்கு உடம்பு சூடானால் வலிப்பு வரும். அதனால் அவரை ஏற்றுவது கடைசியில், இறக்குவது முதலில். கூட வரும் ஆயாம்மாவின் பையில் இரண்டு துண்டு, ஒரு மாற்று உடுப்பு, வழியும் எச்சிலைத் துடைக்க நாலைந்து கைக்குட்டை, வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்க டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்பிரே. மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையை அடைத்து வண்டியைத் திருப்பிவிட்டால் நமக்கெல்லாம் கொஞ்ச நேரத் தாமதம், கொஞ்சம் எரிச்சல். ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு அந்த நாளே போச்சு. விவரம் தெரிந்த டிரைவராக இருந்தால் முந்தின நாள் சாயங்காலமே போன் போட்டு, “நாளைக்கு வேற ரோட்டுல போவோம், இப்பவே சொல்லி வைங்கம்மா” என்று சொல்லிவிடுவார்.

இந்த அறிவெல்லாம் எந்த ரெஜிஸ்தரிலும் எழுதிவைக்கப்படவில்லை. டிரைவர் சொந்த ஊருக்குப் போய்விட்டால் அதுவும் கூடவே போய்விடும். அது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் இந்த வேனே வீட்டு வாசலுக்கு வராமல் போவது.

வேனை நிறுத்துவது யாரோ கல்நெஞ்சக்காரர் எடுத்த முடிவு கிடையாது. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-வது பிரிவு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. 16-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஊனமுற்ற குழந்தைகளுக்கும், அதிக ஆதரவு தேவைப்படும் குழந்தைகளோடு துணைக்கு வருகிறவருக்கும் போக்குவரத்து வசதி செய்துதர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பயணப்படி தனி, துணை வருபவருக்குப் படி தனி. தொகை சொற்பம்தான், நேரத்துக்கு வராமலும் போகும். ஆனால் கணக்கில் அதற்கென ஒரு வரி இருக்கிறது. கேட்க ஓர் இடம் இருக்கிறது. அதே சட்டத்தின் 19-வது பிரிவுக்கு வாருங்கள். அது பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சி என்கிறது, கடன் உதவி என்கிறது, சந்தைத் தொடர்பு என்கிறது. அந்தப் பயிற்சி நடக்கும் இடத்துக்கு அவர் எப்படிப் போய்ச் சேருவார் என்ற பேச்சே அதில் இல்லை.

பதினெட்டு முடிந்தவர் பயிற்சி மையத்துக்குத் தானாகப் பஸ் ஏறிப் போய்விடுவார் என்று அந்தப் பிரிவை எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள ஒருவரை நான்கு வயதில் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம். பதினெட்டு வயதில் அவர் ஐம்பது கிலோ, தாய்க்கு நாற்பத்தைந்து வயது. வயது ஏற ஏறப் போக்குவரத்துத் தேவை கூடத்தான் செய்யும். உதவியோ அங்கேயே அறுந்துபோகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 11.8 லட்சம், அதில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம். கணக்கு பழையது. அன்று பள்ளிக்குப் போன பிள்ளைகள் அத்தனை பேரும் இன்று பெரியவர்கள். பல சிறப்புப் பள்ளிகள் அவர்களை உடனே அனுப்பிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்கட்டில் ஒரு அறையை ஒதுக்கி, பேப்பர் கவர் ஒட்டுவது, மெழுகுவத்தி, மிதியடி, அகல் விளக்குக்கு வண்ணம் பூசுவது என்று இரண்டு மூன்று ஆண்டு வைத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் அவர்களுக்குப் ‘பெரிய பிள்ளைங்க’ என்று பெயர். கீழே இருந்து புதுப் பிள்ளைகள் வரும்போது வேனில் இடம் போதாது. முதலில் இறக்கிவிடப்படுவது பெரிய பிள்ளைங்கதான். “நீங்களே கொண்டுவந்து விட்டுட்டுப் போங்களேன்” என்று பள்ளி தயக்கத்தோடு சொல்லும். பாதிப் பேருக்கு அதுதான் கடைசி வருடம்.

இலவச பஸ் பாஸ்தான் இருக்கிறதே என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். அந்தச் சலுகைகளைக் குறைத்துப் பேச முடியாது. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. பயிற்சி மையம், மருத்துவமனை போய்வர இலவசப் பயண அட்டை அதற்கும் முன்பிருந்தே உண்டு. வெளியூர்ப் பேருந்தில் 75 சதவீதச் சலுகை. ரயிலில் தனியாகப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணை வருபவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் முதலானவற்றில் அதே 75 சதவீதம். டிக்கெட் விஷயத்தில் அரசு கஞ்சத்தனம் காட்டவில்லை. ஆனால் இவர்களுடைய பிரச்சினை டிக்கெட்டில் தொடங்கவில்லை. காலை எட்டரை மணிக்கு ஆவடியிலிருந்தோ பல்லாவரத்திலிருந்தோ கிளம்பும் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் தொங்கும்போது, கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் 24 வயது மகனை எப்படி ஏற்றுவது? ஏறினபின் பக்கத்து சீட்டுப் பெண்ணின் துப்பட்டாவை அவன் பிடித்து இழுத்தால் யார் யாருக்கு விளக்கம் சொல்வது? ஆறடி உயர வாலிபனிடம் குழந்தையிடம் காட்டும் பொறுமையைப் பஸ் காட்டாது. ஒரே ஒரு முறை அடி விழுந்துவிட்டால், அந்தத் தாய் மறுபடி பஸ் பக்கம் போகவே மாட்டார்.

மிச்சம் ஆட்டோ. ஒரு நடைக்கு 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இன்றைய சென்னையில் இது நல்ல மனது உள்ள ஆட்டோக்காரர் கேட்கும் கூலி. காலையில் தாயும் மகனும் ஆட்டோவில் போகிறார்கள். திரும்பும்போது தாய் தனியாகத்தானே, பிங்க் பஸ்ஸில் இலவசமாக வந்துவிடுகிறார். மதியம் மறுபடி பஸ்ஸில் போய், ஆட்டோவில் அழைத்துவருகிறார். ஒரு நாளைக்கு ஆட்டோவுக்கு 200. மாதம் 22 நாளுக்கு 4,400. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் போக்குவரத்துக்கென்று ஒரு சின்னத் தொகை உண்டு. வருடத்துக்கு வரும் அது ஒரு மாத ஆட்டோவுக்குக் காணாது. இதில் சேராத இன்னொரு கணக்கு தாயின் நாள். காலை எட்டிலிருந்து பத்தரை, மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து. நடுவில் இருக்கும் நாலு மணி நேரத்துக்கு எந்த முதலாளி வேலை தருவார்? மகன் மையத்துக்குப் போனால் தாய் வேலைக்குப் போகலாம் என்பதுதான் பகல் நேரப் பராமரிப்பு மையத்தின் பாதிப் பயன். போக்குவரத்து தாயின் தலையில் விழுந்தால் அந்தப் பாதி அடிபட்டுப்போகிறது. சில தாய்மார்கள் திரும்பிவரும் அலைச்சலுக்குப் பயந்து மையத்தின் வாசல் திண்ணையிலேயே பூ கட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பஸ்ஸின் படிக்கட்டு உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்தில் 400. சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகளே வாங்க வேண்டும் என்று ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றம் போனார். நம் சாலைக்கும் வேகத்தடைக்கும் மழைத்தண்ணீருக்கும் அவை தாங்காது என்று அரசுத் தரப்பு வாதாடியது. சாலை சரியில்லை என்பதைக் காரணம் காட்டி, அந்தச் சாலையில் நடக்கவே முடியாதவரைப் பஸ்ஸிலும் ஏற்றமாட்டோம் என்கிற இந்த வாதத்தை என்னவென்று சொல்ல? கடைசியில் நீதிமன்றத்தின் கெடுபிடியால் ஒரு பகுதி தாழ்தளமாக வந்தது. 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் கிளம்பின. நிறுத்தத்தில் வண்டியே ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கிறது, நடுக் கதவில் சாய்தளத்தை இழுத்துவிட்டால் சக்கர நாற்காலி ஏறிவிடும். நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனாலும் அது பிரதான சாலையில்தான் ஓடும். வீட்டிலிருந்து அந்த நிறுத்தத்துக்குப் போகிற அரைக் கிலோமீட்டரில் மூடாத வடிகால் உண்டு, நடைபாதையை அடைத்து நிற்கும் பைக்குகள் உண்டு, டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. சென்னையைத் தாண்டினால் பேச்சே இல்லை. கிராமத்துக்கு வரும் மினி பஸ்ஸின் படியில் முட்டிவலிக்காரரே யோசித்துத்தான் கால் வைக்கிறார்.

மையத்துக்குப் போவது நின்றுபோனவர் என்ன ஆகிறார்? முதல் மாதம் காலையில் எழுந்ததும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அப்புறம் அதுவும் நின்றுபோகும். டி.வி., சாப்பாடு, தூக்கம். உடம்பு ஏறும். தசை இறுக்கம் உள்ளவருக்கு முழங்காலும் இடுப்பும் மடங்கிய நிலையிலேயே இறுகத் தொடங்கும்; பிசியோதெரபிஸ்ட்கள் அஞ்சுவது இதைத்தான், ஒரு கட்டத்துக்குமேல் அதை நீட்டிவிட அறுவை சிகிச்சை தவிர வழி கிடையாது. கழிப்பறையைக் கேட்கப் பழகியிருந்தவர் கேட்பதை விட்டுவிடுவார். ராத்திரி தூங்கமாட்டார். எரிச்சல் கூடும், கைநீட்டுவார். பக்கத்து வீட்டில் முணுமுணுப்பார்கள். அப்போதுதான் உறவுக்காரர் யாராவது வந்து, “பேசாம ஏதாவது ஹோம்ல சேர்த்துடுங்க” என்பார்.

அரசின் பழைய விடையும் அதுதான். தமிழ்நாட்டில் 14 வயதுக்கு மேற்பட்ட மனவளர்ச்சி குன்றியவர்களுக்குத் தொழிற்பயிற்சியோடு கூடிய இல்லங்கள் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்தப்படுகின்றன. பெற்றோர் இல்லாதவர்களுக்கும், வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாதவர்களுக்கும் அவை தேவை, அதில் மறுப்பில்லை. ஆனால் வீடு இருக்கிறது, தாய் தகப்பன் இருக்கிறார்கள், பத்துக் கிலோமீட்டரில் பகல் மையமும் இருக்கிறது. நடுவில் வண்டி மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாததற்காக ஒருவரை இராப்பகலாக இல்லத்தில் தங்கவைத்தால் சாப்பாடு, இராக்காவல், சமையல்காரர், கட்டட வாடகை என்று எல்லாவற்றையும் அரசே தூக்கிச் சுமக்க வேண்டும். ஒரு வேனின் டீசலும் இரண்டு பேர் சம்பளமும் அதோடு ஒப்பிட்டால் எம்மாத்திரம்? கருணையை விடுங்கள், கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கே இது உறைக்க வேண்டும்.

வேன் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழ்நாடே கொதித்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. வண்டியில் உதவியாளர் இருக்க வேண்டும், டிரைவரின் அனுபவம் இவ்வளவு இருக்க வேண்டும், வண்டியை ஆய்வு செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் மைதானத்தில் பஸ்களை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. சோதனை போடும் படம் பத்திரிகையில் வருகிறது அல்லவா, அது அந்த விதிகளின் புண்ணியம். அவையெல்லாம் பள்ளி வண்டிக்கு எழுதப்பட்டவை. பெரியவர்களைப் பகல் மையத்துக்கு ஏற்றிச் செல்லும் ஒரு வாடகை ஆம்னியையோ ஈகோவையோ அந்த மைதானத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. உள்ளே இருப்பவர் 30 வயதுக்காரராக இருந்தாலும், கதவு திறந்து கிடந்தால் சொல்லத் தெரியாதவர். பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்கத் தெரியாதவர்.

சக்கர நாற்காலியை ஏற்றுகிற விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஆளைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்து, நாற்காலியை மடித்து மேலே கட்டிவிடுகிறார்கள். இடுப்பில் பிடிமானம் இல்லாதவர் வளைவில் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவார். ஆயாம்மா ஒரு கையால் அவரைத் தாங்கிப் பிடித்தபடியே வர வேண்டும். நாற்காலியோடு ஏற்றினாலும் ஆபத்துதான், சும்மா பிரேக்கைப் போட்டு நிறுத்திவைத்தால். நாற்காலி முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், குறுக்கே நிற்கக் கூடாது. தரையில் பதித்த தடத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள் நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி இறுக்கப்பட வேண்டும். சக்கரத்தில் மாட்டக் கூடாது. அது நாற்காலிக்கு. ஆளுக்குத் தோளிலும் இடுப்பிலும் குறுக்கே தனி பெல்ட். நாற்காலியில் இருக்கிற சின்ன மார்புப் பட்டை உட்கார்ந்த நிலையைச் சரிசெய்யத்தான். அதை நம்பி வண்டியை எடுத்தால், திடீர் பிரேக்கில் அதுவே கழுத்தை நெரிக்கும். இந்தக் கட்டுமானத்துக்கு உலகத் தரநிலைகள் இருக்கின்றன. நாற்காலிக்கே மோதல் சோதனை இருக்கிறது. நம் ஊரில் வழங்கப்படும் இலவச சக்கர நாற்காலியில் பட்டையை மாட்ட உறுதியான இடமே இருப்பதில்லை.

பெண்கள் விஷயத்தில் அச்சம் வேறு மாதிரி. தனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாத பெண்ணைப் பிறர் வண்டியில் ஏற்றிவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பெண்ணிடம் பாலியல் வன்கொடுமை செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-வது பிரிவில் குறைந்தது 10 ஆண்டு சிறை. தண்டனை கடுமையானது, ஆனால் நடந்தபின் வருவது. நடக்காமல் காப்பது ரூட் போடுகிற விதத்தில் இருக்கிறது. காலையில் முதலில் ஏறுகிறவரும் சாயங்காலம் கடைசியில் இறங்குகிறவரும் டிரைவரோடு தனியே இருக்கக் கூடாது. ஆயாம்மா முதல் ஆளுக்கு முன்பே ஏறி, கடைசி ஆளுக்குப் பின்பே இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க அந்த அம்மாவை அவர் வீட்டு வழியில் முன்னாடியே இறக்கிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் பெற்றோர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மையங்கள் இதைக் கேட்காமலே சொல்லிவிடும்.

வெளியே எப்படி நடக்கிறது என்று பார்த்தால், எங்கும் முழு விடை இல்லை. இங்கிலாந்தில் 2014-ம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி ஒருவருடைய தேவையை மதிப்பிட வேண்டிய பொறுப்பு உள்ளாட்சிக்கு உண்டு. ஆனால் அங்கே மாற்றுத்திறனாளிகளின் இலவச பஸ் பாஸ் வார நாட்களில் காலை 9.30 மணிக்குப் பிறகுதான் கட்டாயமாகச் செல்லும். அதற்கு முன் அனுமதிப்பது உள்ளூர் கவுன்சிலின் விருப்பம். அலுவலகக் கூட்டத்தைத் தவிர்க்க வைத்த நேரம் அது. பத்து மணிக்குள் பகல் மையத்தில் இருக்க வேண்டியவருக்கு அதுவே முட்டுக்கட்டை. அமெரிக்காவில் 1990-ம் ஆண்டின் சட்டம் வேறொரு வழி பிடித்தது. பஸ் ரூட்டின் இருபுறமும் முக்கால் மைல், அதாவது 1.2 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்து, ஊனத்தின் காரணமாக சாதாரண பஸ்ஸில் போக முடியாதவர் முந்தின நாள் சொல்லிவைத்தால், போக்குவரத்துக் கழகமே தனி வண்டி அனுப்ப வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. துணை வருபவருக்குக் கட்டணமே கிடையாது. அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1978 ஜூலையில் டென்வர் நகரில் சக்கர நாற்காலிக்காரர்கள் 19 பேர் நடுச்சாலையில் பஸ்களை மறித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தது அதன் முன்கதைகளில் ஒன்று. வண்டி தாமதமாக வருகிறது, சுற்றிச் சுற்றிப் போகிறது என்று அங்கேயும் புகார் ஓயவில்லை. இருந்தாலும் பஸ் ஓட்டுகிற நிறுவனத்தின் பொறுப்பிலேயே பஸ் ஏற முடியாதவரையும் சேர்த்துக் கட்டிவிட்ட அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

நமக்குப் பாடம் அவ்வளவு தூரத்தில் இல்லை, செங்கோட்டைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் ஊராட்சியில் முதல் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. கேரளப் பெண்களின் குடும்பஸ்ரீ இயக்கத்தின் துணையோடு உள்ளாட்சிகள் நடத்தும் அந்த ஏற்பாடு மாநிலம் முழுக்கப் பரவியது. பதினெட்டு வயது வரை பட்ஸ் பள்ளி, அதற்குமேல் பட்ஸ் மறுவாழ்வு மையம். பதினெட்டில் கதவு சாத்தப்படுவதில்லை, பக்கத்து அறைக்கு மாறுகிறார்கள், அவ்வளவுதான். ஆசிரியர், ஆயா, வண்டி என்று இதற்கான செலவு பஞ்சாயத்தின் ஆண்டுத் திட்டத்துக்குள் வருகிறது. எல்லா பட்ஸ் மையத்திலும் வண்டி தடையில்லாமல் ஓடுகிறது என்று சத்தியம் செய்ய முடியாது. வண்டி நின்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது தாய்மார்களுக்குத் தெரியும்: வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில். ஓட்டுக் கேட்டு வந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அதே தாய் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனால் ‘இது போக்குவரத்துத் துறை’ என்பார்கள். போக்குவரத்துக் கழகத்துக்குப் போனால் ‘பாஸ் கொடுத்துட்டோமே’ என்பார்கள்.

வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்புவது நம் அரசுக்குத் தெரியாத வித்தை ஒன்றும் அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர் மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. 2025 ஆகஸ்டில் வந்த ‘தாயுமானவர்’ திட்டத்தில் வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை ரேஷன் அரிசி வண்டியில் வருகிறது. அப்படியானால் எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்த மாற்றுத்திறனாளி இருக்கிறார் என்ற பட்டியல் அரசின் கையில் இருக்கிறது. சந்துக்குள் எந்த வண்டி நுழையும் என்பதும் தெரிந்திருக்கிறது. அரிசியை உள்ளே கொண்டுவந்து வைக்கிற அதே சந்திலிருந்து ஆளை வெளியே அழைத்துப் போக முடியாதா?

வீட்டுக்கே சேவை போவதை நான் குறை சொல்லவில்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்றவை கிராமம் கிராமமாகப் பணியாளர்களை அனுப்பித்தான் சுற்றுவட்டாரப் பிள்ளைகளை எட்டின. கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ராமகிருஷ்ணனுக்கு, வெளியே போக முடியாமல் கிடப்பது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்கு ஆரம்பப் பயிற்சி தர வீடுதான் சரியான இடமும்கூட. பெரியவருக்கு அப்படி இல்லை. அவருக்கு மையத்தில் கவர் ஒட்டுவதைவிட முக்கியம், காலையில் குளித்து, சட்டை மாட்டி, வாசல் தாண்டி, அம்மா அல்லாத ஒருவரிடம் ‘குட் மார்னிங்’ சொல்வது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் அவரிடம் இருப்பது. அதை மொபைல் வேனில் வரும் தெரபிஸ்ட் வாரம் முக்கால் மணி நேரத்தில் கொடுத்துவிட முடியாது. உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் திறக்கப்படும் ‘விழுதுகள்’ மையங்கள் பார்க்க அழகாக இருக்கின்றன. சாய்தளம், கருவிகள், நிபுணர்கள் எல்லாம் உண்டு. அங்கே 25 வயதுக்காரர் ஒருவர் மாதம் ஒருநாள் வருவதற்கும் வாரம் ஐந்து நாள் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்மானிக்கப்போவது கட்டடம் இல்லை, வாசலில் நிற்கும் வண்டி.

சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் 41-வது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. மாற்றுத்திறனாளிகள் கட்டுப்படியாகும் செலவில் நடமாட அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றும், அதில் சலுகைகள், வாகனங்களை மாற்றியமைத்தல், நடமாட ஆள்துணை ஆகிய மூன்றும் சேரும் என்றும் அது சொல்கிறது. வயது வரம்பு எதுவும் போடவில்லை. சலுகையை நாம் கொடுத்துவிட்டோம், மற்ற இரண்டையும் தொடவில்லை. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைக்க முடியாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதையும் இதையும் சேர்த்து வைத்து, ஒரு மாநகராட்சி மண்டலத்துக்கு இரண்டு வண்டி என்று யாராவது ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். வண்டி மையத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வட்டாரத்தில் மூன்று தொண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு ஓட்டை வேனை வைத்துக்கொண்டு ஒரே தெருவில் முன்னும் பின்னுமாக ஓடுவதற்குப் பதில், உள்ளாட்சி ஒரே வண்டியை மூன்று மையத்துக்கும் ஓட்டலாம். நன்கொடையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: புது வண்டிக்கு ரிப்பன் வெட்டிப் பெயர் எழுதிவைக்க ஆள் கிடைக்கிறது, மூன்றாம் வருட டீசலுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஆயாம்மா சம்பளத்துக்கும் கிடைப்பதில்லை. பல மையங்களின் பின்புறம் பெயர்ப்பலகையோடு நின்றுகொண்டிருக்கும் வண்டிகள் ரிப்பேர் ஆனவை அல்ல, ஓட்டக் காசு இல்லாதவை.

எல்லோருக்கும் வேன் வேண்டும் என்றும் இல்லை. லேசான குறைபாடு உள்ள சிலர் ஒரே ஒரு ரூட்டைப் பழகிக்கொண்டு தனியாகப் போய்வர முடியும். பயணப் பழக்கம் என்று ஒரு பயிற்சி முறையே இருக்கிறது. முதலில் பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார். பஸ் நம்பரை எழுத்தாகப் படிக்கத் தெரியாவிட்டால் படமாகப் பார்த்துப் பழகுவார்கள். பாலம் வந்தால் எழுந்திரு, பெரிய துணிக்கடை வந்தால் கம்பியைப் பிடி, கோயில் கோபுரம் வந்தால் இறங்கு. பிறகு பயிற்சியாளர் இரண்டு சீட் தள்ளி உட்காருவார். அப்புறம் பின்னால் பைக்கில் வருவார். கடைசியில், வேண்டுமென்றே ஒரு நாள் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கவிட்டு, யாரிடம் என்ன கேட்க வேண்டும், கழுத்தில் தொங்கும் அட்டையை எப்படிக் காட்ட வேண்டும் என்று பழக்குவார்கள். இதற்கு சில வாரங்கள் ஆகும், சிலருக்கு ஆறு மாதமும் ஆகும். முடிந்துவிட்டால் அவருக்கு ஆயுசுக்கும் ஆட்டோ வேண்டாம், அம்மாவும் வேண்டாம்.

இந்தப் பயிற்சியில் கண்டக்டர்தான் பாதி ஆள். முதல் வாரம் அறிமுகப்படுத்திவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். “தம்பி, உன் ஸ்டாப்பிங் அடுத்தது” என்று குரல் கொடுக்கிறார்கள். நகரப் பேருந்தில் இது தானாகவே நடக்கிற நல்ல காரியம், எந்த சுற்றறிக்கையும் சொல்லி நடப்பதில்லை. டூட்டி மாறி வேறு கண்டக்டர் வரும்போதும், ரூட் நம்பர் மாறும்போதும் பயிற்சியாளர் மறுபடி இரண்டு மூன்று நாள் கூடவே போக வேண்டியிருக்கும். அப்படிப் போகிறவருக்கான சம்பளம், 41-வது பிரிவு சொல்லும் ஆள்துணை என்ற கணக்கில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலிருந்து வர வேண்டும். இப்போதைக்கு அதை மையத்தின் ஆசிரியை தன் வேலை நேரத்துக்கு வெளியே, தன் கைக்காசில் செய்துகொண்டிருக்கிறார்.